பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பெரிய விமான நிலையத்தை நடத்துவதும் வளர்ப்பதும்: சாங்கியை முன்வைத்து ஒரு கையேடு

2019 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைப் பயன்படுத்திய பயணிகள் ஏறத்தாழ 55.8 லட்சம் பேர். 2020 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 25,200. முந்தைய ஆண்டு நான்கு மணி நேரத்துக்குள் கடந்துபோன கூட்டம்தான் அந்த மாதம் முழுவதற்கும் வந்தது. உள்நாட்டு விமானப் போக்குவரத்து என்று ஒன்று இல்லாத தீவு நாடு அது. ஆகவே டில்லிக்கோ சென்னைக்கோ இருந்ததுபோல், அயல்நாட்டுப் போக்குவரத்து நின்றாலும் உள்ளூர்ப் பயணிகளை வைத்துச் சமாளிக்கும் வழி அதற்கு இல்லை. பெருந்தொற்று ஒரு விமான நிலையத்தை எந்த அளவுக்கு வெறுமையாக்க முடியும், அந்த வெறுமையை எப்படிப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சாங்கியைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

விமான நிலைய நிர்வாகத்தில் இருப்பவர்கள், அத்துறையில் படிப்பவர்கள், அடுத்த பெருந்தொற்று வரும்போது பொறுப்பில் இருக்கப் போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்படுகிறது. இதன் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: எப்படி மூடுகிறோம் என்பதே எப்படித் திறப்போம், எவ்வளவு வளர்வோம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே மூடும் வேலையை ஒரு பின்வாங்கலாகக் கருதாமல், ஒரு கட்டுமானத் திட்டத்துக்குரிய கவனத்துடன் தொடங்க வேண்டும்.

எதை மூடுவது, எதை விடுவது

2020 மார்ச் 23ஆம் தேதி இரவு 11.59 மணியிலிருந்து, குறுகிய காலப் பயணமாக வருவோர் சிங்கப்பூருக்குள் நுழைவதும் அதன் வழியாக வேறு நாட்டுக்குச் செல்வதும் நிறுத்தப்பட்டன. நாள்தோறும் வரும் பயணிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் எல்லா முனையங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவைக் குறைக்கலாம் என்று தோன்றும். அது ஏமாற்றும் கணக்கு. ஒரு முனையத்தில் நாளொன்றுக்கு நூறு பேர் வந்தாலும் குளிரூட்டி, பாதுகாப்புச் சோதனை, தீயணைப்பு ஏற்பாடு, குடிநுழைவு முகப்பு, துப்புரவு எல்லாம் இருந்தே ஆக வேண்டும். விமான நிலையத்தின் செலவில் பெரும்பகுதி பயணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. திறந்திருக்கும் கட்டடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே நான்கு முனையங்களை அரைகுறையாக நடத்துவதைவிட இரண்டை முழுமையாக நடத்துவதே சரி.

சாங்கி அதைத்தான் செய்தது. 2020 மே 1இல் இரண்டாம் முனையமும், மே 16இல் நான்காம் முனையமும் மூடப்பட்டன. எஞ்சிய சேவைகள் அனைத்தும் முதலாம், மூன்றாம் முனையங்களுக்குள் வந்தன. இந்தத் தேர்வு தற்செயலானதன்று. நான்காம் முனையம் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. முனையங்களை இணைக்கும் ஸ்கைடிரெயின் என்ற தானியங்கி ரயில் அதற்கு இல்லை, பேருந்தில்தான் போக வேண்டும். அதைத் துண்டித்தால் மற்ற எதுவும் பாதிக்கப்படாது. இரண்டாம் முனையத்திலோ 2020 தொடக்கத்திலேயே மேம்பாட்டுப் பணிகள் தொடங்கியிருந்தன. உங்கள் நிலையத்தில் மூட வேண்டிய கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரிசையாக மூன்றைப் பாருங்கள்: அதைத் துண்டித்தால் பயணப்பெட்டிகள் செல்லும் பெல்ட்டுகளும் மின்சாரமும் குளிர்நீர்க் குழாய்களும் வேறெங்காவது அறுபடுமா, அதற்குள் நெடுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை ஏதேனும் காத்திருக்கிறதா, அங்கிருந்த விமான நிறுவனங்களுக்கு வேறு முனையத்தில் செக்-இன் முகப்பும் ஓய்வறையும் கொடுக்க இடமிருக்கிறதா. செலவு மிச்சம் எவ்வளவு என்ற கேள்வி இவற்றுக்கு அப்புறம்தான் வர வேண்டும்.

ஓடுபாதையைப் பொறுத்தவரை, விமான நிறுத்துமிடம் தீர்ந்துபோவதுதான் உடனடிச் சிக்கல். பறப்பதற்காக வாங்கப்பட்டவை எல்லாம் ஒரே நாளில் தரையில் வந்து நின்றால் எந்த நிலையத்திலும் அத்தனைக்கும் இடமிருக்காது. ஃபிராங்க்ஃபர்ட் தன் வடமேற்கு ஓடுபாதையையே நிறுத்துமிடமாக்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒருகட்டத்தில் தன் பறப்புத் திறனில் 96 விழுக்காட்டைக் குறைக்க நேர்ந்தபோது, சில விமானங்களை ஆஸ்திரேலியாவின் நடுவே வறண்ட நிலத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பியது. சிங்கப்பூரின் ஈரக்காற்று நீண்டகால நிறுத்தத்துக்கு ஏற்றதன்று. உள்ளூரிலேயே நிறுத்துவதாக இருந்தால், எந்த விமானம் எப்போது திரும்பப் பறக்கும் என்ற வரிசையை விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகே இடம் ஒதுக்குங்கள். முதலில் பறக்க வேண்டியது உள்ளே சிக்கிக்கொண்டால் அதை வெளியே எடுக்க ஐந்தாறு விமானங்களை இழுவை வண்டியால் நகர்த்த வேண்டிவரும். சக்கரங்களை அவ்வப்போது உருட்டிவைக்கவும், இயந்திர வாய்களையும் காற்றழுத்தம் அளக்கும் சிறு குழாய்களையும் மூடிவைக்கவும் பொறியாளர்கள் அருகே வந்து வேலை செய்வதற்கு இடைவெளியும் வேண்டும். பூச்சிகளும் பறவைகளும் கூடுகட்ட ஒரு வாரம் போதும்.

பூட்டிய கட்டடத்துக்குச் செய்ய வேண்டியவை

ஒரு முனையத்தைப் பூட்டிவிட்டால் அது அப்படியே இருக்கும் என்று நினைப்பவர்கள் பூமத்தியரேகைக்கு அருகே வேலை பார்த்திராதவர்கள். குளிரூட்டியை முற்றாக நிறுத்தினால் சில வாரங்களுக்குள் தரைவிரிப்பில் பூஞ்சை பிடிக்கும். சாங்கியின் முனையங்களோ தரைவிரிப்புக்குப் பெயர் போனவை. கூரைப் பலகைகளும் மின்பெட்டிகளும் ஈரம் இழுக்கும். ஆகவே மூடிய கட்டடத்திலும் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்காவது காற்று சுழல வேண்டும். மின்கட்டணத்தில் அதற்கொரு பங்கை முதல் நாளிலேயே ஒதுக்கிவையுங்கள்.

இதைவிடக் கவனிக்கப்படாதது தண்ணீர். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திய கழிவறைகளில் ஒருவரும் நுழையாதபோது குழாய்களில் நீர் தேங்குகிறது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில், நுரையீரலைத் தாக்கும் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். தரையிலுள்ள வடிகாலின் வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும். அந்நீர் வற்றிவிட்டால் கூடம் முழுவதும் நாற்றம் பரவுவதோடு, கழிவுக் குழாயின் வழியாகக் காற்று ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகவும் வழி திறக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் ஹாங்காங்கின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பரவியபோது இப்படி வற்றிய வடிகால்களே முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டப்பட்டன. எனவே பூட்டிய முனையத்தில் வாரந்தோறும் ஒருவர் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட வேண்டும், ஒவ்வொரு கழிவறைத் தொட்டியையும் அழுத்த வேண்டும், ஒவ்வொரு தரை வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்ற வேண்டும். விமானத் துறையின் கவர்ச்சியான வேலைகளில் இது சேராது. ஆனால் மறுதிறப்பு ஒரு மாதம் தள்ளிப்போவதும் போகாததும் இதில்தான் இருக்கிறது.

பெல்ட்டுகள், நகரும் படிகள், ஏரோபிரிட்ஜ்கள் (முனையத்தையும் விமானத்தையும் இணைக்கும் நடைபாலங்கள்), மின்தூக்கிகள் ஆகியவற்றையும் குறித்த இடைவெளியில் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். நிலத்தடிக் குழாய்களில் நிற்கும் விமான எரிபொருளில் நீர் சேர்ந்து நுண்ணுயிர்கள் வளராதபடி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். இயந்திரத்துக்குச் சொன்னது மனிதர்களுக்கும் பொருந்தும். ஒரு விமானி பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமானால் முந்தைய 90 நாள்களில் குறைந்தது மூன்று முறை மேலெழுந்து மூன்று முறை தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. ஏரோபிரிட்ஜை விமானக் கதவோடு பொருத்துகிறவருக்கும், விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும் வண்டியை ஓட்டுகிறவருக்கும் அதைப்போன்ற ஒரு விதியை நிலையமே வகுத்து, வேலை குறைந்த காலத்தில் முறைவைத்து எல்லோருக்கும் கைப்பழக்கம் கிடைக்கச் செய்ய வேண்டும். நன்றாக வேலை தெரிந்த நான்கு பேரே எல்லா விமானங்களையும் கவனித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், ஓராண்டு கழித்து அந்த நால்வருக்கு மட்டுமே வேலை தெரியும்.

நோய் எந்த வழியாக வெளியே போகும்

இந்தப் பகுதிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பது என் கணிப்பு. ஆகவே இதில் சற்று நிற்கிறேன்.

வுஹானிலிருந்து வரும் விமானங்களின் பயணிகளுக்குச் சாங்கியில் 2020 ஜனவரி 3ஆம் தேதி மாலையிலிருந்தே உடல்வெப்பச் சோதனை நடந்தது. சிங்கப்பூரின் முதல் கோவிட் நோயாளி ஜனவரி 23இல் உறுதிசெய்யப்பட்டார். அவர் ஜனவரி 20இல் வுஹானிலிருந்து வந்த பயணி. சார்ஸ் காலத்தில் சிங்கப்பூரே உருவாக்கிய வெப்பக் கேமராக்கள் அந்த நோய்க்கு ஓரளவு ஏற்றவை, ஏனெனில் சார்ஸ் நோயாளிகள் காய்ச்சல் வந்த பிறகே அதிகமாகப் பரப்பினார்கள். கோவிட் அப்படியன்று, காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவக்கூடியது. காய்ச்சல் கேமராவைக் கழற்றிவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை நம்பி வேறு எதையும் தளர்த்திவிடக் கூடாது.

சாங்கி தொடுதலைக் குறைப்பதில் விரைந்து செயல்பட்டது: செக்-இன் இயந்திரத்தின் திரையைத் தொடாமலே விரலை அருகே கொண்டுபோனால் போதும் என்ற அகச்சிவப்பு உணரிகள், புறஊதா விளக்கோடு தானாகச் சுற்றும் துப்புரவு இயந்திரங்கள், முகத்தையும் கருவிழியையும் கொண்டு அடையாளம் காணும் குடிநுழைவு வழிகள். டிரான்சிட் பயணம் 2020 ஜூன் 2இலிருந்து படிப்படியாக அனுமதிக்கப்பட்டபோது, அப்பயணிகள் மற்றவர்களோடு கலக்காதபடி தனிக் காத்திருப்புப் பகுதிகள் அமைக்கப்பட்டன. பயணியையும் பயணியையும் பிரிக்கும் வேலை இவ்வாறு நன்றாகவே நடந்தது.

ஆனால் 2021 மேயில் தொற்று வேறு வழியாக வந்தது. மூன்றாம் முனையத்தின் வருகைப் பகுதியில், தொற்று அதிகமாயிருந்த நாடுகளிலிருந்து வந்தவர்களைக் கையாண்ட பணியாளர்களிடம் டெல்டா வகைக் கிருமி தொற்றியது. அவர்களில் சிலர் அதே முனையத்தின் இரண்டாம் அடித்தளத்தில், பொதுமக்களும் வந்துபோகும் உணவங்காடியில் சாப்பிட்டார்கள். அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அடங்கிய கிருமித்தொற்றுக் குழுமம் உருவாயிற்று. தொற்றியவர்களில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். மே 13இலிருந்து முதலாம், மூன்றாம் முனையங்களும், நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகமும் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. பயணிகளும் பணியாளர்களும் மட்டுமே முனையங்களுக்குள் போக முடிந்தது. முனையங்கள் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது செப்டம்பர் 1இல்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியானது. பயணி ஒரு முறைதான் அந்த வழியே நடக்கிறார். துப்புரவுப் பணியாளரும் சக்கர நாற்காலி தள்ளுகிறவரும் குடிநுழைவு அதிகாரியும் ஒரே நாளில் பத்து முறை அதே வழியில் போய்வருகிறார்கள். பயணிகளின் பாதைகளை மட்டும் வரைந்த வரைபடம் பாதி வரைபடம்தான். நாட்டுவாரியாக வருகைப் பகுதிகளைப் பிரிப்பதற்கு முன், ஒரு பணியாளர் வேலைக்கு வந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை எந்தக் கதவு வழியாக நுழைகிறார், எங்கே உடை மாற்றுகிறார், எந்த மின்தூக்கியில் ஏறுகிறார், எங்கே சாப்பிடுகிறார், எந்தக் கழிவறைக்குப் போகிறார் என்பதைக் கூடவே நடந்து குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து பணிப் பட்டியலைப் பார்த்து இதைச் செய்ய முடியாது. பணிப் பட்டியலில் சாப்பாட்டு நேரம் இருக்கும், சாப்பிடும் இடம் இருக்காது.

மே மாதத்துக்குப் பிறகு சாங்கி செய்த மாற்றங்கள் இந்த வழியிலேயே சென்றன. தொற்று அபாயத்தின்படி பகுதிகள் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதியின் பணியாளர் இன்னொரு பகுதிக்குப் போகக் கூடாது. அவர்களுக்கெனத் தனி ஓய்வறையும் தனி உணவிடமும் தரப்பட்டன. அபாயம் மிகுந்த பகுதியில் என்95 முகக்கவசமும் மேலங்கியும் கட்டாயமாயின. சோதனைகளுக்கிடையிலான இடைவெளி குறைக்கப்பட்டது. காற்றோட்டமும் திருத்தப்பட்டது: வெளிக்காற்று கூடுதலாக உள்ளிழுக்கப்பட்டது, நுண்துகள்களையும் பிடிக்கும் மெர்வ்-14 தர வடிகட்டிகள் பொருத்தப்பட்டன, காற்றுச் சுத்திகரிப்பு அமைப்புகளுக்குள் புறஊதா விளக்குகள் வைக்கப்பட்டன.

இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் ஒரு நடைமுறைச் சிக்கலுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். பெரிய நிலையத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் நிலையத்தின் ஊழியர்கள் அல்லர். சாங்கியில் பெருந்தொற்றுக்கு முன் வேலை பார்த்த ஏறத்தாழ 50,000 பேர் விமான நிறுவனங்களையும் தரைச்சேவை நிறுவனங்களையும் கடைகளையும் துப்புரவு, பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்களையும் அரசு அமைப்புகளையும் சேர்ந்தவர்கள். ஒரு பகுதியில் வேலை செய்பவர் வேறு பகுதிக்குப் போகக் கூடாது என்றால், ஒப்பந்த நிறுவனத்துக்கு ஆள் கூடுதலாக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை எழுதாத விதி இரண்டாம் வாரத்திலேயே தளர்ந்துவிடும். நோய்விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும் என்று அஞ்சுகிற பணியாளர் தொண்டை வலியோடு வேலைக்கு வருவார். ஆகவே விடுப்புச் சம்பளத்தைத் தொற்றுத் தடுப்புச் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

சரக்கு

பயணிகள் நின்றபோதும் சரக்கு நிற்கவில்லை. உலகின் விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி பயணி விமானங்களின் வயிற்றுப் பகுதியில்தான் செல்கிறது. அவை பறக்காதபோது இடம் சுருங்கி, கட்டணம் ஏறியது. பயணிகள் இல்லாமல் சரக்கு மட்டும் ஏற்றிப் பறக்க விமான நிறுவனங்கள் முன்வந்தன. நிலையம் செய்ய வேண்டியது, அத்தகைய விமானங்களுக்கு நிறுத்துமிடத்தையும் நேரத்தையும் தயங்காமல் தருவதும், இருக்கைகளின் மேல் அடுக்கிய பெட்டிகளைக் கையால் இறக்கக் கூடுதல் ஆள்களை ஏற்பாடு செய்வதும்தான். சாங்கியின் சரக்கு 2019இல் 20.1 லட்சம் டன், 2020இல் 15.4 லட்சமாகக் குறைந்து, 2021இல் 19.5 லட்சமாக மீண்டது. பயணிகள் எண்ணிக்கை 30.5 லட்சம் என்ற அடிமட்டத்தில் கிடந்த அதே 2021இல் இது நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசியின் முதல் தொகுதி 2020 டிசம்பர் 21இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து எஸ்கியூ7979 என்ற சரக்கு விமானத்தில் சாங்கிக்கு வந்து, சாட்ஸ் என்ற தரைச்சேவை நிறுவனத்தின் கூல்போர்ட் என்னும் குளிர்க் கிடங்குக்குச் சென்றது. அந்தக் கிடங்கு 2010இலிருந்தே இருந்தது. பெருந்தொற்று வந்த பிறகு குளிர்க் கிடங்கு கட்டத் தொடங்கினால் தடுப்பூசி அதற்காகக் காத்திருக்காது.

ஆள்களைக் கைவிடாமல் இருப்பது

சிங்கப்பூர் அரசு 2020இல் விமானத் துறைப் பணியாளர்களின் மாதச் சம்பளத்தின் முதல் 4,600 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) 75 விழுக்காட்டைத் தானே ஏற்றுக்கொண்டது. தரையிறங்கு கட்டணத்திலும் வாடகையிலும் கழிவு தரும் 35 கோடி வெள்ளித் திட்டம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டது. எல்லா நாட்டு அரசுகளாலும் இதைச் செய்ய முடியாது. செய்ய முடிகிற நாட்டிலும் பணம் எல்லாவற்றையும் தீர்க்காது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விமானச் சிப்பந்திகள் பலர் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உதவும் வேலைக்கு மாறினார்கள். இத்தகைய தற்காலிக மாற்றத்தில் ஒப்பந்தத்தைத் துண்டிக்காமல் இருப்பதே முக்கியம். ஏனெனில் திரும்ப வருகிறவருக்குப் பாதுகாப்பு அனுமதிச் சீட்டையும் ஓடுதளப் பகுதியில் வண்டி ஓட்டும் உரிமத்தையும் புதுப்பித்தால் போதும், புதிதாக வருகிறவருக்கோ பின்புலச் சரிபார்ப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

2020 அக்டோபரில் சாங்கியில் நிறுத்தியிருந்த ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தில் உணவகம் நடத்தினார்கள். நுழைவுச்சீட்டு அரைமணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. அதே மாதம் நிலையத்துக்குச் செல்லும் பாதையோரம் டைனோசர் உருவங்களை நிறுத்தி மிதிவண்டிக்காரர்களை ஈர்த்தார்கள். இவற்றால் வந்த வருமானம் ஒரு முனையத்தின் மின்கட்டணத்துக்குக்கூடப் போதியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனாலும் நான் இவற்றைக் கேலி செய்ய மாட்டேன்: சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் கைவேலை கிடைத்தது, ஊர்மக்களும் நிலையத்தை மறக்கவில்லை.

வெறுமையில் கட்டுவது

இரண்டாம் முனைய மேம்பாடு 2024இல் முடியும் என்றுதான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். பயணிகள் நடமாடும் கட்டடத்தில் இரவில் நான்கு மணி நேரம் வேலை செய்து, விடிவதற்குள் தடுப்புகளை அடுக்கித் தூசியைத் துடைக்க வேண்டியிருக்கும். முனையத்தையே மூடியதால் முழு நாளும் வேலை செய்ய முடிந்தது. ஓராண்டுவரை மிச்சமாகும் என்று கணக்கிடப்பட்டது. அதன் புறப்பாட்டுக் கூடத்தில் தகடுகள் படபடவென்று புரண்டு விமான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்த பழைய அறிவிப்புப் பலகை 2020 பிப்ரவரியில் ஓய்வுபெற்றது. அதற்குப் பல ரசிகர்கள் இருந்தார்கள், நானும் அவர்களில் சேர்த்தி.

ஆனால் வெறுமை கிடைத்துவிட்டது என்பதால் வேலை தானாக விரைந்துவிடாது. 2020 ஏப்ரல் 7இலிருந்து ஜூன் 1வரை நடப்பிலிருந்த முடக்கக் காலத்தில் சிங்கப்பூரின் கட்டுமானத் தலங்கள் பெரும்பாலும் நின்றுபோயின. அங்கே கட்டுமான வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும், அதிலும் குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்தும் சென்றவர்கள். அவர்களின் தங்குவிடுதிகளில்தான் தொற்று மிகக் கடுமையாகப் பரவியது: விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் அரசு அறிவித்தது. ஓர் அறையில் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலும் படுக்கும் நிலையில், தலத்தில் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தாலும் பயனில்லை. ஆகவே பெருந்தொற்றில் நிலையத்தை விரிவாக்க நினைப்பவர், ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே தொழிலாளர் தங்கும் அறையின் அளவையும், ஒரு குழுவுக்கு ஒரு விடுதித் தளம் என்ற ஏற்பாட்டையும், நோயுற்றவருக்கான தனி அறைகளையும் எழுதிவைக்க வேண்டும். கான்கிரீட்டின் தரத்தை எழுதுகிற அதே கறாருடன் இதையும் எழுத வேண்டும். விடுதியைத் தேடிப்போய்ப் பார்க்கவும் வேண்டும்.

இரண்டாம் முனையத்தின் தென்பகுதி 2022 மே 29இல் திறக்கப்பட்டது. முழு முனையமும் 2023 நவம்பர் 1இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.8 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவுக்கு, அதாவது முன்பைவிட 50 லட்சம் கூடுதலாக, அதன் திறன் உயர்ந்தது.

திரும்பத் திறப்பது

சிங்கப்பூர் ஒரேயடியாகத் திறக்கவில்லை. 2021 செப்டம்பர் 8இல் ஜெர்மனி, புருணை ஆகிய இரண்டு நாடுகளோடு, தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான பயணத்தடம் தொடங்கியது: குறித்த விமானங்களில் வருவோருக்குத் தனிமைப்படுத்தல் இல்லை, பரிசோதனை மட்டுமே. நவம்பர் 29இலிருந்து சென்னை, டில்லி, மும்பை ஆகிய ஊர்களிலிருந்தும் இத்தகைய விமானங்கள் வந்தன. இரண்டாண்டுக்கு நெருங்கிய காலம் குடும்பத்தைப் பார்க்க முடியாமலிருந்த பலர் இந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். ஓமிக்ரான் பரவியதும் டிசம்பர் 23இலிருந்து 2022 ஜனவரி 20வரை இவ்விமானங்களுக்கான புதிய பயணச்சீட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. குறித்த விமானங்கள் என்ற ஏற்பாட்டின் பயன் இங்கேதான் தெரிகிறது. அது தண்ணீர்க் குழாயின் திருகுபோல. மூடவும் திறக்கவும் பாதியில் நிறுத்தவும் முடியும். எத்தனை பேர் எந்த நேரத்தில் வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதால், பரிசோதனை முகப்புகளையும் அதற்கேற்ப அமைக்கலாம்.

2022 ஏப்ரல் 1இலிருந்து, தடுப்பூசி போட்டுக்கொண்ட எல்லாப் பயணிகளுக்கும் எல்லை திறந்தது. அதற்குப் பிந்தைய கோடையில் ஐரோப்பாவில் நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள்: ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டது, லண்டன் ஹீத்ரோ ஜூலை 12இலிருந்து நாளொன்றுக்கு 1,00,000 புறப்பாட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்கமாட்டோம் என்று வரம்பு விதித்தது. ஓடுபாதையும் கட்டடமும் அங்கே இருந்தன, ஆள்கள் இல்லை. சாங்கியிலும் பற்றாக்குறை இருந்தது, 2022 மேயில் விமானத் துறைக்கு 6,600க்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு ஆள் தேடினார்கள். ஆனால் முனையங்களை ஒவ்வொன்றாக, ஆள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திறந்ததால் வரிசைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. நான்காம் முனையம் செப்டம்பர் 13வரை காத்திருந்தது. இதைக் கணக்காகச் சொன்னால்: எல்லை திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, பின்புலச் சரிபார்ப்புக்கும் பயிற்சிக்கும் ஆகும் மாதங்களைக் கழித்து வருகிற நாளில் ஆள் எடுக்கத் தொடங்குங்கள். அந்த நாளில் நிலையம் காலியாகத்தான் இருக்கும், நிதிப்பிரிவு ஒப்புக்கொள்ளாது. அங்கே நிர்வாகம் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

பயணிகளின் எண்ணிக்கை 2022இல் 3.22 கோடி, 2023இல் 5.89 கோடி, 2024இல் 6.77 கோடி என்று ஏறி, 2019இன் 6.83 கோடியை நெருங்கியது.

பெரிய திட்டத்தை என்ன செய்வது

ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகளுக்கென்று திட்டமிட்ட ஐந்தாம் முனையத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பதாக 2020 ஜூனில் போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வான் அறிவித்தார். 2022 ஆகஸ்டில் தேசிய நாள் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் பணி தொடரும் என்றார். 2025 மே 14இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2030களின் நடுப்பகுதியில் திறக்கத் திட்டம். ரத்து செய்யவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு தொடரவும் இல்லை. இடையில் வரைபடத்தைத் திருத்தினார்கள். தேவைப்படும்போது சிறுசிறு முனையங்களாகப் பிரிந்து இயங்கவும், பரிசோதனைக்கும் அபாயம் மிகுந்த பயணிகளைப் பிரித்து வைப்பதற்கும் இடம் ஒதுக்கவும், காற்றோட்டத்தின் வழியே தொற்று பரவுவதைக் குறைக்கவும் வடிவமைப்பில் வழிசெய்யப்பட்டது.

உங்கள் நிலையத்திலும் இத்தகைய திட்டம் கையில் இருந்தால், நிறுத்திவைக்கும் காலத்துக்கு மூன்று வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, தேவைக் கணிப்பை மூன்று வேகங்களில் போட்டுப் பார்ப்பது. ஒரே கணிப்பை நம்பி நிறுத்துவதும் தவறு, தொடர்வதும் தவறு. இரண்டாவது, நிலம், நிலத்தடி நீர்வழி, ஓடுபாதை இணைப்பு போன்று பின்னால் திருத்தவே முடியாதவற்றைத் தனியே பிரித்து, அவற்றை மட்டும் நிறுத்தாமல் நடத்த முடியுமா என்று பார்ப்பது. மூன்றாவது, கட்டடக் கலைஞரை வரைபடத்தோடு அழைத்து உட்காரவைத்துச் சில கேள்விகளைக் கேட்பது: இந்த முனையத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் திறந்து, மீதிப் பகுதியின் குளிரூட்டியைக் குறைத்து வைக்க முடியுமா? ஒரு விமானக் கதவிலிருந்து வெளிவாசல்வரை வேறு எந்தப் பயணியையும் சந்திக்காமல் ஒருவர் வரக்கூடிய பாதை எத்தனை இருக்கிறது? பரிசோதனைக் கூடம் அமைக்க நேர்ந்தால் அதற்குத் தண்ணீரும் வடிகாலும் எந்தத் தூணருகே வரும்? அப்பகுதியில் வேலை செய்பவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்? கடைசிக் கேள்விக்கு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டும்வரை கையெழுத்திட வேண்டாம்.